பக்தாத்துக்கு ஒரு கயிறு

மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பக்தாத் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தேநீர்க் கடையைக் காட்டுவார். இன்னொருவர், தையல் கடையா, அதைப் புத்தளத்துக்குக் கொண்டு போய்விட்டார்களே என்பார். மாம்புரிப் பக்கம் வந்து கேட்டால் இன்னும் மோசம். றிஸ்மினுடைய முடிவெட்டும் சலூன் பக்தாத். பொடியன்மாரின் கிரிக்கெட் அணி பக்தாத். கரையில் இழுத்து வைத்திருக்கிற பைபர் போட்டுகளில் மூன்று பக்தாத். நாங்கள் குடியிருக்கிற இடத்துக்கே பக்தாத் நகர் என்றுதான் பெயர். நகரைத் தேடாதீர்கள், மணலும் தென்னையும் தகரக் கூரையும்தான் இருக்கின்றன.

உண்மையான பக்தாத்தை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் ஆளுக்கொரு பக்தாத் வைத்திருக்கிறோம். பள்ளிவாசல் மௌலவிக்கு அது முஹிய்யித்தீன் ஆண்டகை என்கிற இறைநேசர் அடங்கியிருக்கிற பட்டணம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது கலீபாக்கள் வட்டமாகக் கட்டிய பழைய நகரம், பரீட்சைக்கு வரும். எனக்கு அது ரீவியில் குண்டு விழுந்து எரிந்த ஊர், பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். சிலாபத்திலிருந்து மீன் எடுக்க வருகிற சிங்கள முதலாளிக்கு அது ஒரு ருசி. "பக்தாத் கரவல" என்றால் என் மதினி போடுகிற கருவாடு, மணல் கடிக்காது என்று அவருக்கு நம்பிக்கை.

என் மதினி ஹாஜராவுக்கு மட்டும் அது ஒரு படகு.

மதினி என்றால் என் மூத்த நானாவின் மனைவி, அண்ணனை நாங்கள் நானா என்போம். நானா மௌத்தாகி அடக்கிய பிறகு போட்டையும் வீட்டோடு சேர்ந்த, கருவாடு காயப்போடுகிற வாடியையும் அவர்தான் பார்க்கிறார். பிள்ளை என்று ஒருவன், அஃப்ராஸ். அவன்தான் போட் ஓட்டுகிறான். என் பெயர் ருஷ்தா, பக்கத்து வளவில் இருக்கிறேன். எனக்கும் மதினிக்கும் நடுவில் ஒரு தென்னோலை வேலிதான். அந்த வேலிக்கு மேலால் நாங்கள் பிடிக்காத சண்டை இல்லை. அவருக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊர் சொல்லும். என்னைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கிற பொறுமை எனக்கில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் கொழும்பில் குண்டுகள் வெடித்த பிறகு, அரபுப் பெயர் என்றாலே எல்லாருக்கும் குலை நடுங்கிய நாட்களில், மதுரங்குளித் தேநீர்க் கடைக்காரர் தன் பெயர்ப் பலகைக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். இங்கே கரைக்கும் ஒரு பொலிஸ்காரர் வந்தார். போட்டில் எழுதியிருந்த பெயரைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மதினி மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைக்காமலே, "ஏக அபே போட்டுவே நம மஹத்தயா" என்றார். அது எங்கள் போட்டின் பெயர் ஐயா, அவ்வளவுதான். வந்தவரும் சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலையே மதினி தேநீர்க் கடைக்காரருக்குப் போன் எடுத்து, சாக்கை எடு, இல்லாவிட்டால் பேரைத் திருப்பித் தா என்று ஏசினார். சாக்கு போய்விட்டது.

பேரைத் திருப்பித் தா என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

மதினி மன்னாரில் பிறந்தவர். அவருடைய வாப்பா ஹாசிம் ஒரு மர போட் வைத்திருந்தார். கடல் கொந்தளித்தால் ஆட்கள் கூப்பிடுவது முஹிய்யித்தீன் ஆண்டகையைத்தானே, அதனால் அவருடைய ஊர்ப் பெயரைப் போட்டுக்கு வைத்தார். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதக்காரர்கள் நாள் குறித்தபோது, ஹாசிம் அந்தப் போட்டில் சனத்தை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து கற்பிட்டிக் கரையில் இறக்கினார். இன்ஜின் இல்லாத வள்ளங்களையும் பழுதான போட்டுகளையும் கயிறு கட்டி இழுத்துவந்தார். அப்படி இழுபட்டு வந்த போட்டுகளில் நான் பிறகு சொல்லப்போகிற முத்தலிபுவின் வாப்பாவுடையதும் ஒன்று. தன் சொந்தக் குடும்பத்தை ஹாசிம் கடைசிப் பயணத்தில்தான் ஏற்றினார். நடுக்கடலில் அவருடைய இன்ஜின் நின்றுபோனது.

மதினிக்கு அப்போது பதினாலு வயது. மடியில் தங்கச்சி சுல்பா, காய்ச்சலோடு. குடிக்கத் தண்ணீர் முடிந்துவிட்டது. அந்த நேரம் முத்தலிபுவின் வாப்பா, இன்ஜினைத் திருத்திக்கொண்டு போய் இன்னொரு நடை ஆட்களை ஏற்றியவர், அந்த வழியால் வந்தார். முகம் தெரிகிற தூரம். ஹாசிம் சால்வையை வீசிக் காட்டினார். போட் நிற்கவில்லை. அவர் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார். பக்தாத் அலைந்து மிதந்து, பெண்களின் சேலைகளைப் பாயாகக் கட்டித்தான் கரை சேர்ந்தது. கரை தெரிந்தபோது சுல்பா உயிரோடு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை. கரையிறங்கிய அன்றே அடக்கினார்கள்.

அந்தச் சனம் இருந்த முகாமை, பக்தாத்தில் வந்தவர்களின் முகாம் என்று ஊர் சொல்லத் தொடங்கி, அதுவே பக்தாத் நகர் ஆயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களை அகதி அகதி என்று சொன்ன காலத்தில்தான் என் நானா அந்த முகாமில் பெண் எடுத்தார். எங்கள் உம்மா ஒரு மாதம் அழுதார். அது வேறு கதை. முகாம்காரர்கள் கடை போட்டார்கள், போட் வாங்கினார்கள், ஒவ்வொருவராக ஹாசிமிடம் வந்து பக்தாத் என்ற பேரைத் தாருங்கள் என்று கேட்டார்கள். வேறு யாராவது என்றால் சீனியும் தேங்காயும் கொண்டு வா, ஒரு பாத்திஹா ஓதுவோம் என்றிருப்பார்கள். ஹாசிம் கயிறு கொண்டுவரச் சொன்னார். நல்ல நைலோன் கயிறு, ஒரு சுருள். கேட்பவர் கையால் கொடுக்க, அவர் கையால் வாங்கி வீட்டு ஆணியில் மாட்டினால் பேர் கொடுத்தாயிற்று.

நிபந்தனை ஒன்றுதான். பக்தாத் என்ற பேருள்ள போட் ஒன்று கடலில் மாட்டிக்கொண்டால், பேர் எடுத்தவன் கேள்வி கேட்காமல் இறங்கவேண்டும். போட் உள்ளவன் போட்டோடு. கடை உள்ளவன் கடையைப் பூட்டிவிட்டுக் கரையில் கயிறு பிடிக்க. பேர் கொடுத்த வீட்டின் போட் முன்னால் போகவேண்டும்.

இதெல்லாம் ஒரு பேச்சா, ஆபத்து என்றால் எவனும் போவான்தானே என்று நீங்கள் நினைக்கலாம். வந்து பாருங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் எங்கள் பக்கக் கடல் மனிதருக்கு உரியதல்ல. ஆம்பிளை போகிறேன் என்பான். வீட்டுக்காரி கையைப் பிடிப்பாள், பிள்ளை காலைக் கட்டும், அவனும் நின்றுவிடுவான். அவனைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் பேர் எடுத்திருந்தால் வீட்டுக்காரி வாய் திறக்க முடியாது. அந்தப் பேரின் வேலையே அதுதான்.

ஹாசிமுக்குப் பிறகு பேர் கொடுப்பது மதினியின் கைக்கு வந்தது. கேட்ட எல்லாருக்கும் கொடுத்தார், ஒருவரைத் தவிர.

முத்தலிபு எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறார். பக்தாத் நகரில் படுத்து எழும்பி, பக்தாத் சலூனில் முடி வெட்டிக்கொள்கிற மனிதர். அவருடைய வாப்பா மௌத்தான பிறகு புதுப் போட் ஒன்று எடுத்து, நீல நிற நைலோன் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மதினியின் வாசலுக்கு வந்தார். நானும் அங்கே நின்றேன். மதினி கயிற்றைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"அண்டைக்கு இல்லாத கயிறு இண்டைக்கு எங்கேந்து வந்திச்சு?" என்று கேட்டார்.

 மதினி சுருளைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தார். வேலிக்கு அப்பால் என்றால் என் வளவு. புத்தம்புதுக் கயிறு, குப்பையில் போட எனக்கென்ன பைத்தியமா? உடுப்புக் காயப்போடுகிற கொடியாகக் கட்டிக்கொண்டேன்.

முத்தலிபு தன் போட்டுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. பதிவு இலக்கம் மட்டும் எழுதி, பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டார். பொடியன்மார் அதை மொட்டை என்று பகிடி பண்ணினார்கள். ஊரெல்லாம் அவரை நானா என்று கூப்பிடும். மதினி எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்பார், மரியாதைக்கு அல்ல.

போன மே மாதக் கடைசியில் மொட்டை கடலுக்குப் போனது. முத்தலிபுவின் இரண்டு மகன்மார், நஸீமும் நௌஃபரும், சுபஹுக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். விடிந்த பிறகுதான் கடலுக்குப் போகவேண்டாம் என்று போனுக்குச் செய்தி வந்தது. அதற்குள் காற்று மாறிவிட்டது. மற்றப் போட்டுகள் எல்லாம் கரையில். நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்தும் மொட்டையைக் காணவில்லை. பொடியன்மாரின் போன் இரண்டும் வேலை செய்யவில்லை.

நானும் மதினியும் அஃப்ராஸும் வாடியில் நின்று, மழை வருவதற்கு முன்னால் கருவாட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தோம். காற்று கருவாடு காய்ந்த பாயைத் தூக்கியது. றிஸ்மின் சலூனிலிருந்து கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தான்.

"மொட்டை இன்னும் வரல்ல தாத்தா. நேவிக்குச் செல்லியாச்சு. வடக்கால வேற போட்டுகளத் தேடுறாங்களாம், முடிஞ்சதும் வருவாங்களாம்" என்றான் மதினியிடம். தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா.

"எப்ப முடியும்?" என்று மதினி கேட்டார்.

"அல்லாஹ்தான் அறிவான்."

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். போட் இருந்தது, இன்ஜின் இருந்தது, எண்ணெய் இருந்தது. வாய் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. முத்தலிபு ஒவ்வொரு ஆளிடமும் போய், ஒரு போட்டைத் தாங்கடா, நான் தனியப் போறன் என்று கேட்டாராம். தனியாகப் போனால் இன்னொரு மௌத்துதான் என்று சொல்லிப் பிடித்து வைத்தார்களாம். பிறகு எல்லாரும் கதையை நிறுத்திவிட்டு எங்கள் வாடிப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.  மதினி பேரைக் கொடுத்தால் மூன்று போட் இறங்கும். முதல் போட் அஃப்ராஸுடையது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

முத்தலிபு வந்தார். காலில் செருப்பு இல்லை. வாசலுக்குள் வராமல் வேலிப் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் என் மருமகனை நான் தூக்கி வளர்த்தவள். பாவம் பார்த்தால் அவனல்லவா போகவேண்டும்?

"மதினி, வாயத் தொறக்காதீங்க" என்றேன். "ஒண்டே ஒண்டு கண்ணே கண்ணு எண்டு ஒரு புள்ள. அந்த மனுசன்ட வாப்பா ஒங்களுக்குச் செஞ்சத மறந்திட்டீங்களா?"

இதை அந்த மனிதருக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"மாமி, சும்மா இரிங்க" என்றான் அஃப்ராஸ். அவன் என்னைப் பார்க்கவில்லை, உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதினி சாக்கின் வாயைக் கட்டி முடித்தார். கையை உதறினார். படலைக்குப் போனார்.

"கயிறு எங்க?" என்று கேட்டார்.

முத்தலிபு திகைத்துப் போனார். "போட்ல தங்கச்சி" என்றார். "எண்ட கயிறெல்லாம் அந்தப் போட்லதான்."

மதினி அவரைத் தாண்டி வெளியே போய், என் வளவுக்குள் நுழைந்தார். கொடியில் நான் காலையில் துவைத்த உடுப்புகள் தொங்கின. ஒரே இழுவையில் அத்தனையையும் மண்ணில் விழுத்தினார். வாய்ச்சண்டைக்கு எனக்கு நேரம் தரவில்லை. முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். வெயிலில் வெளிறிப்போன அந்த நீலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து முத்தலிபுவின் நெஞ்சில் வைத்தார்.

"புடி."

அவர் பிடித்தார்.

"இப்ப என்னட்டத் தா."

அந்த மனிதர் இரண்டு கையாலும் நீட்டினார். மதினி வாங்கினார்.

"பேர் தந்தாச்சு. அஃப்ராஸ், போட்ட எறக்கு."

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதக் கூசுகிறது. நீங்களும் ஒரு உம்மாவா என்று கேட்டது நினைவிருக்கிறது. மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நம்மள உட்டுட்டுப் போற போட்டப் பாத்துக்கிட்டு இரிக்கிறது எப்பிடி எண்டு ஒனக்குத் தெரியாது ருஷ்தா. எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைகள் ரெண்டும் இப்ப கரையத்தான் பாத்துக்கிட்டு இரிக்கும்."

மண்ணில் கிடந்த உடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் நானும் கரைக்கு ஓடினேன்.

பாங்கு சொல்கிற மோதினார் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், "பக்தாத் ஒண்டு கடல்ல, பக்தாத் ஒண்டு கடல்ல" என்று அறிவித்தார். ஒரு நாளும் இல்லாத பேரை அந்தப் போட்டுக்கு அப்போதுதான் ஊர் கேட்டது. அறிவிப்பு முடிவதற்குள் கரை வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். றிஸ்மின் சலூனில் பாதி முகம் மழித்த ஒருவரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். அவரும் கழுத்தில் துவாயோடு பின்னாலேயே ஓடிவந்து போட்டைத் தள்ளினார். கிரிக்கெட் பொடியன்மார் எண்ணெய்க் கேன்களைத் தூக்கினார்கள். வீட்டுக்காரிகள் அழுதார்கள், ஆனால் ஒருத்தியும் ஒருவனையும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

போட் ஏறுமுன் மதினி நீலக் கயிற்றை அஃப்ராஸின் கையில் கொடுத்தார்.

"இது எண்ட ஊட்டு ஆணிக்கு வரணும். வேற ஆள்ட்டக் குடுத்து அனுப்பக் கூடாது. நீ கொண்டு வா."

"கொண்டு வாறன் உம்மா" என்றான். பிஸ்மி சொல்லி ஏறினான்.

முதல் தடவை அலை போட்டைத் தூக்கிக் கரைக்கே எறிந்தது. இரண்டாம் தடவை பக்கவாட்டில் திரும்பி, கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் தடவை பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்தளவு தண்ணீருக்குள் போய்த் தள்ள, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் பின்னால் மற்ற இரண்டு பக்தாத்தும் போயின. கொஞ்ச நேரம் மூன்று புள்ளி தெரிந்தது. பிறகு மழைக்குள் அதுவும் இல்லை.

மகன் கடலுக்குப் போனால் மதினி கடலைப் பார்க்கவே மாட்டார். வாடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீன் வெட்டுவார். அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அஃப்ராஸுக்கு ஒன்று நடந்தால் இந்த மனுசியோடு உயிரும் ஹயாத்தும் உள்ளவரை பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பக்கத்தில்தான் நின்றேன். வேறு எங்கே போவது?

கொஞ்சம் தள்ளி முத்தலிபுவின் மனைவி அஸ்ரியா மணலில் உட்கார்ந்து ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தாள். பின்னேரத்து அசர் தொழுகையைச் சிலர் கரையிலேயே தொழுதார்கள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பின்னால் காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றுகிற சத்தம் வேறு. நேவியிடமிருந்து போன் வந்தது, ஒரு படகு புறப்பட்டுவிட்டது, தூரத்தில் நிற்கிறது என்றார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் முத்தலிபு மதினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு எங்கட போட்ல கயிறு இருந்திச்சு தங்கச்சி. நான் கையில எடுத்து வெச்சிக்கிட்டுத்தான் நிண்டனான். ஆள் கூடிப் போச்சு, இழுத்தா எல்லாரும் போயிருவம் எண்டு வாப்பா செல்லிட்டார். எனக்குப் பதினெட்டு வயசு. எறிஞ்சிருக்கலாம். நான் எறியல்ல."

மதினி திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "கண்டனான். ஒண்ட வாப்பாவ நான் அண்டைக்கே மறந்திட்டன். கையில கயித்த வெச்சிக்கிட்டு நிண்ட ஒன்னைத்தான் மறக்க ஏலாமப் போச்சு."

இத்தனை வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். என்னிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அழவும் இல்லை. முத்தலிபுதான் அழுதார், சத்தம் வராமல், வாயைச் சாரத்து நுனியால் பொத்திக்கொண்டு.

பொழுது சாய்ந்து, மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போட் வந்தது. அது அஃப்ராஸுடையது அல்ல. ஒன்றையும் காணவில்லை என்றார்கள். எண்ணெய் முடிந்து திரும்பியிருந்தார்கள். அடுத்த போட் வந்தது. அதில் ஒரு வெறும் எண்ணெய்க் கேன் கிடந்தது. மொட்டையினுடைய கேன் என்று முத்தலிபு பார்த்தவுடனே சொன்னார். அஸ்ரியா ஸலவாத்தை நிறுத்திவிட்டாள். அஃப்ராஸைக் கண்டீர்களா என்று நான் கேட்டேன். நமக்கு முன்னால, இன்னும் ஆழத்துக்குப் போனான் மாமி, அதுக்குப் பொறகு காணல்ல என்றான் ஒருவன். அவன் கன்னத்தில் அறைந்திருப்பேன், றிஸ்மின் பிடித்துக்கொண்டான்.

மதுரங்குளித் தேநீர்க் கடைக்காரர் முச்சக்கர வண்டியில் பெரிய போத்தல்களில் பிளேன்டீ கொண்டு வந்து சேர்ந்திருந்தார். ஒருவரும் குடிக்கவில்லை. பாங்கு சொன்னார்கள். தொழப் போனவர்களும் கடலைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துத்தான் போனார்கள். மதினி இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார். நான் அவருடைய முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அலை இழுத்தால் நானும் போவேன், பரவாயில்லை என்றிருந்தது.

முதலில் கேட்டது இன்ஜின் சத்தம். விட்டு விட்டுக் கேட்டது. "எங்கட இன்ஜின்" என்றார் மதினி. பிறகு அலை தூக்கிய ஒரு நொடியில் போட் தெரிந்தது. தண்ணீர் நிறைந்து மிகத் தாழ இருந்தது. கரை அலைக்குள் வந்தால் கவிழும் என்று பார்த்தவர் எல்லாருக்கும் தெரிந்தது. தேநீர்க் கடைக்காரர், புத்தளத்திலிருந்து ஓடிவந்த தையல்காரர், முடி வெட்டுகிறவன், பாதி முகம் மழித்தவர் எல்லாரும் கையோடு கை கோர்த்துத் தண்ணீருக்குள் போனார்கள். முத்தலிபு எல்லாருக்கும் முன்னால் போனார். ஒரு பெரிய அலை போட்டை அப்படியே தூக்கி அவர்களுடைய கைகளுக்குள் போட்டது.

போட்டுக்குள் நஸீமும் நௌஃபரும் கிடந்தார்கள். இரண்டு பேரின் கக்கத்துக்குக் கீழாலும் நீலக் கயிறு ஓடி, அஃப்ராஸின் இடுப்பில் முடிந்திருந்தது. மொட்டை கவிழ்ந்து, அதன் முதுகில் இருவரும் பகல் முழுக்கத் தொங்கியிருக்கிறார்கள். அஃப்ராஸ் கயிற்றை எறிந்து ஒவ்வொருவராக இழுத்து எடுத்திருக்கிறான். மொட்டை கடலடிக்குத் தாண்டு போய்விட்டது. பொடியன்மார் நீலம் பாரித்து நடுங்கினார்கள். ஆனால் நடுங்கினார்கள், அது போதும். அஸ்ரியா இருவரையும் மாறி மாறி அடித்தாள், மாறி மாறிக் கொஞ்சினாள்.

அஃப்ராஸின் வலது கையைக் கயிறு அறுத்திருந்தது. உள்ளங்கை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. மதினி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். "அறிவில்லாதவனே, கயித்த இப்பிடியா சுத்துற?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தூக்கினேன். அவ்வளவு நேரமும் பிடித்திருந்த கோபத்தை நான் எங்கே போட்டேன் என்று தெரியவில்லை, கட்டிப்பிடித்து இருவரும் ஊளையிட்டு அழுதோம்.

முத்தலிபு மகன்மாரின் உடம்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து மதினிக்கு முன்னால் நின்றார்.

"மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத" என்றார் மதினி. "பேர்தான் தந்தனான்."

"ஓம் தங்கச்சி."

"போட் இல்ல எண்டு தப்பவும் ஏலா. இனி எந்த பக்தாத் மாட்டினாலும் நீ இறங்கணும்."

"ஓம்."

கயிற்றை வாங்கி அஃப்ராஸின் தோளில் போட்டார். அவனே அதைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில் மாட்டினான், இடது கையால். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கைக்குத் தையல் போட்டார்கள். ஆறும்வரை இன்ஜின் பிடிக்கக்கூடாது என்றார் டொக்டர். காற்று தணிந்த பிறகும் பக்தாத் சும்மா கரையில் கிடந்தது. போட் இல்லாத முத்தலிபுவும் சும்மா கிடந்தார். ஒருநாள் சுபஹுக்குப் பிறகு பார்க்கிறேன், அவர் எங்கள் போட்டுக்குப் பக்கத்தில் நின்று இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். யார் கூப்பிட்டது என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தார். மதினி கரைப் பக்கத்து வேலியடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார்.

நஸீமும் அஃப்ராஸும் ஏறினார்கள். முத்தலிபு பின்னால் ஏறி, ஹாசிமுடைய பேரக்குட்டியின் இடத்தில், பக்தாத்தின் இன்ஜின் பிடியைக் கையில் எடுத்தார். மதினியின் வாப்பா இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று நான் நினைத்துக்கொண்டேன். போட் நகரப் பார்த்தது.

"முத்தலிபு நானா" என்று மதினி கூப்பிட்டார்.

என் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது.

"கயிறு ஏத்தினீங்களா?"

"ஏத்திட்டன்" என்றார் அவர்.

"காட்டுங்க."

அந்த மனிதர் எழுந்து நின்றார். கயிற்றுச் சுருளைக் கையில் தூக்கி, கரையில் நின்ற மதினிக்குத் தெரிகிற மாதிரி பிடித்தார். மதினி பார்த்தார். வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்து அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு, "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டப் போனார்.